இறங்கும் வழியிலும் இறைவன்

மலையை இறைவனின் இருப்பிடமாகக் கண்டது பாரதத்தின் ஆன்மிக மரபு. கயிலை சிவபெருமானின் இல்லம். திருமலை வேங்கடவனின் சந்நிதி. திருவண்ணாமலையில் மலையே சிவமென்று வலம் வரப்படுகிறது. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பது தமிழரின் நெடுநாள் நம்பிக்கை.

பெங்களூரு நகரைச் சுற்றிலும் இதே காட்சிதான். நந்தி மலையின் அடிவாரத்தில் போக நந்தீஸ்வரர், உச்சியில் யோக நந்தீஸ்வரர். சிவகங்கை மலையில் சிவாலயம். சாவன துர்காவின் அடிவாரத்தில் நரசிம்மரும் வீரபத்திரரும். சற்றுத் தொலைவில், குக்கே சுப்பிரமண்யா தலத்திற்கு மேலே குமார பர்வதம். வாரம் முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருப்பவர்கள், சனிக்கிழமை இரவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இம்மலைகளை நோக்கிப் புறப்படுகிறார்கள். அவர்களுள் பக்தியோடு செல்பவர்களும் உண்டு, பொழுதுபோக்காகச் செல்பவர்களும் உண்டு. எப்படிச் சென்றாலும், விடியற்காலையில் மேகங்களுக்கு மேலே நிற்கும் சில நிமிடங்களில் மனம் தன் வழக்கமான சிறுமையிலிருந்து விடுபடுகிறது. அந்த அனுபவம் உயர்ந்தது, குறைகூறத் தக்கதன்று.

அவ்வாறு மலையை நேசித்தவர்கள்தாம் 2024-ஆம் ஆண்டு இமயத்திற்குப் புறப்பட்டனர். கர்நாடக மலையேற்றச் சங்கத்தின் வழியாகச் சென்ற அந்தக் குழுவில், உள்ளூர் வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேர் இருந்தனர். பெரும்பாலோர் பெங்களூருவைச் சேர்ந்தவர்கள். உத்தரகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள சில்லா கிராமத்தின் வழியாக மே 29 அன்று அவர்களது பயணம் தொடங்கியது. இலக்கு, 4,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள சஹஸ்ர தால். ‘ஆயிரம் ஏரிகள்’ என்று பொருள்படும் அப்பகுதியைச் சுற்றுவட்டார மக்கள் புனிதமாகப் போற்றுகின்றனர். ஜூன் 7 அன்று அவர்கள் கீழே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 4 அன்று, ஏரிப் பகுதியிலிருந்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்தது. சமவெளியில் கோடை தகித்துக்கொண்டிருந்த அதே நாளில், அங்கே கடுங்குளிர்காலம் இறங்கி வந்தது. எதிரிலிருப்பது தெரியவில்லை. மேலே செல்லவும் இயலவில்லை, கீழே இறங்கவும் இயலவில்லை. அந்த இரவைத் திறந்த வெளியில் கழிக்க நேர்ந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். பதின்மூன்று பேர் மீட்கப்பட்டனர். இறந்தவர்களுள் முப்பதுகளில் இருந்தவரும் இருந்தார், எழுபதைக் கடந்தவரும் இருந்தார்.

இரண்டு எளிய விடைகள்

இத்தகைய செய்தி வரும்போது உலகம் இரண்டு விடைகளை உடனே எடுத்து வைக்கிறது. ‘ஏன் போனார்கள்? வீட்டில் இருந்திருக்கலாமே’ என்பது ஒன்று. ‘தேவபூமியில் உயிர் நீத்தார்கள், பாக்கியசாலிகள்’ என்பது மற்றொன்று. முதலாவது கண்டனம், இரண்டாவது ஆறுதல் போலத் தோன்றுவது. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே துயரத்தின் அருகில் சென்று அமர விரும்பாமல், தூரத்திலிருந்தே தீர்ப்பு வழங்குகின்றன.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில் பாண்டவர்கள் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். வழியில் திரௌபதி முதலில் விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், இறுதியில் பீமன். ஒவ்வொருவர் விழும்போதும் ‘இது ஏன்?’ என்று பீமன் கேட்கிறான். தருமபுத்திரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கூறுகிறார்: திரௌபதிக்கு அர்ஜுனனிடம் இருந்த பட்சபாதம், சகாதேவனுக்கு அறிவுச் செருக்கு, நகுலனுக்கு அழகுச் செருக்கு என்று அது தொடர்கிறது.

இதைப் படிக்கும் சிலர், ‘விழுந்தவர்களிடம் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை. தருமபுத்திரர் தம் வாழ்நாள் முழுவதும் உடன் வாழ்ந்த, தாம் உள்ளும் புறமும் அறிந்த சொந்தங்களைப் பற்றிப் பேசினார். அந்தப் பகுதி படிப்பவன் தன்னைத் தானே ஆராய்வதற்கு ஒரு கண்ணாடி. பிறருடைய சிதையின் அருகே நின்று அவர்களுடைய கர்மவினையைக் கணக்கிடுவதற்கு அது அதிகாரம் தரவில்லை. யாருடைய வினை என்ன என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. மனிதனின் கடமை கண்ணீரைத் துடைப்பதும், நிகழ்ந்ததிலிருந்து பணிவோடு கற்றுக்கொள்வதும் ஆகும்.

தேர்ப்பாகன் உறங்கும்போது

கற்க வேண்டியது என்ன? முதலில் குளிர் மனித உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். காற்று வீசினால் குளிரின் கடுமை பன்மடங்காகும். வெப்பநிலை பூஜ்ய டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் அதை மைனஸ் 9 டிகிரியாக உணர்கிறது. ஆடையும் நனைந்துவிட்டால் உடல் தன் வெப்பத்தை இன்னும் விரைவாக இழக்கிறது.

மனித உடலின் இயல்பான வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ஆபத்து தொடங்குகிறது. முதலில் கடுமையான நடுக்கம். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சு குழறுகிறது, கால்கள் தடுமாறுகின்றன. வெப்பம் மேலும் குறையும்போது நடுக்கமே நின்றுவிடுகிறது. பார்ப்பவருக்கு அது நலமடைந்தது போலத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பெரிய அபாயத்தின் அறிகுறி. அந்த நிலையில் சிலர் உடல் வெப்பமாக இருப்பதாக எண்ணித் தம் ஆடைகளையே களைந்துவிடுவதும் உண்டு என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை அடங்கியுள்ளது. ‘நான் நலமாக இல்லை’ என்று அறிந்துகொள்ளும் ஆற்றலைக் குளிர் தொடக்கத்திலேயே மழுங்கச் செய்கிறது. கால் நடந்துகொண்டிருக்கும், வாய் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், அறிவோ ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கும்.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேர்ப்பாகனாகவும் உருவகம் செய்கிறது. தேர் உடைந்தால் தெரிந்துவிடும். குதிரை களைத்தால் தெரிந்துவிடும். பாகன் உறங்கினால் மட்டும் தேரில் இருப்பவனுக்குத் தெரிவதில்லை. குதிரைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

பனிமலையில் மட்டுமா இவ்வாறு நிகழ்கிறது? கோபத்தில் இருப்பவன் ‘எனக்குக் கோபமில்லை’ என்று உரக்கச் சொல்கிறான். குடிப்பழக்கத்தில் விழுந்தவன் ‘நினைத்தால் நிறுத்திவிடுவேன்’ என்கிறான். அகங்காரம் முற்றியவனோ தன்னைவிடப் பணிவானவர் இல்லை என்று நம்புகிறான். அறிவைக் கவரும் நோய், தான் வந்திருப்பதை அறியும் கண்ணையே முதலில் மறைத்துவிடுகிறது.

சத்சங்கத்தின் தேவை இங்கேதான் விளங்குகிறது. அனுபவமுள்ள மலையேற்றக் குழுக்களில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது ஒரு விதி. ‘உன் பேச்சு குழறுகிறது, உட்கார், ஈர ஆடையை மாற்று’ என்று தோழன் சொன்னால், சொல்லப்பட்டவன் வாதம் செய்யாமல் கேட்க வேண்டும். தன் அறிவு மயங்கும்போது பிறனுடைய அறிவைக் கடன் வாங்கிக்கொள்வது இது. ஆன்மிக வாழ்வில் குருவும் நல்லோர் இணக்கமும் செய்வதும் இதையே. தன் தடுமாற்றத்தைச் சுட்டிக்காட்ட ஒருவரையாவது அருகில் வைத்திருப்பவன் பாதுகாப்பாக இருக்கிறான். ‘எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை’ என்பவன் எத்தனை வலிமை உடையவனாயினும் தனிமையில் நடக்கிறான்.

உறுதியும் பிடிவாதமும்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் மூவகை புத்தியையும் மூவகை உறுதியையும் விளக்குகிறார். சாத்விக புத்திக்கு அவர் கூறும் இலக்கணம் கவனிக்கத் தக்கது. எப்போது முன்னே செல்ல வேண்டும், எப்போது விலகிவர வேண்டும் என்பதை அது அறியும். செய்யத்தக்கது எது, தகாதது எது, அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பதையும் அது அறியும்.

அச்சமே இல்லாமை சாத்விகம் என்று பகவான் இங்கே கூறவில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும் சாத்விக அறிவின் பகுதி என்கிறார். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்பது திருவள்ளுவரின் கருத்துமாகும். அதே அத்தியாயத்தில், மதியற்றவன் எவ்வகை உறுதியால் உறக்கத்தையும் அச்சத்தையும் சோகத்தையும் செருக்கையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறானோ, அதைத் தாமச உறுதி என்று பகவான் குறிப்பிடுகிறார். ஆகவே பற்றிக்கொண்டிருப்பது மட்டுமே உறுதியாகிவிடாது. எதைப் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே கேள்வி.

உயர்ந்த மலைகளில் ஏறுவோர் புறப்படும் முன்பே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். அந்த நேரம் வந்துவிட்டால், சிகரம் எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்த முடிவை ஏன் கீழேயே எடுக்கிறார்கள்? மேலே சென்றபின் ஆசை பேசும். ‘இன்னும் சிறிது தூரம்தான், இவ்வளவு செலவழித்து வந்தோம், மறுபடி எப்போது வரப்போகிறோம்’ என்று அது வாதாடும். அறிவு தெளிவாக இருக்கும்போது எடுத்த தீர்மானம், அறிவு மயங்கும் வேளையில் காக்கிறது. சாதகன் விரதங்களையும் நியமங்களையும் அமைதியான வேளையில் ஏற்றுக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

பக்தியின் பெயராலும் இந்த விவேகத்தைக் கைவிடலாகாது. 1996 ஆகஸ்ட் மாதம் அமர்நாத் யாத்திரையின்போது வீசிய பனிப்புயலில் இருநூறுக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் உயிரிழந்தனர். அதன்பின் நிதிஷ் சென்குப்தா தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரைகளை அளித்தது. இன்று உடல்நலச் சான்றிதழ் இல்லாமல் அந்த யாத்திரைக்கு அனுமதியில்லை. வயது வரம்பும் உண்டு. ‘பனிலிங்கத்தைத் தரிசிக்க மருத்துவரின் கையொப்பமா?’ என்று முதலில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். உடலும் இறைவன் அளித்த ஆலயம்தான். அதைப் பேணுபவன் தரிசனத்திற்குத் தடை செய்வதில்லை. தரிசனத்திற்குத் தகுதி பெறுகிறான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். எல்லா முன்னெச்சரிக்கைகளையும் மேற்கொண்ட பின்னரும் புயல் வரலாம். சஹஸ்ர தாலில் அந்தக் குழு முன்னேறிச் செல்லும்போது சிக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கியது. விவேகம் அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்கிவிடாது. மீதமுள்ளது மனிதன் கையில் இல்லை.

கயிலையை நோக்கி நடந்தவர்

திருநாவுக்கரசர் கயிலை நோக்கி நடந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியுள்ளார். காளத்தியை வணங்கி, காசியைக் கடந்து, முதிர்ந்த வயதில் அப்பர் பெருமான் வடதிசை நோக்கிச் செல்கிறார். பாதங்கள் தேய்கின்றன; கைகளை ஊன்றித் தவழ்கிறார்; கைகளும் தேய, மார்பால் உந்திச் செல்கிறார்; பின் புரள்கிறார். இறுதியில் அசைவற்றுக் கிடக்கிறார். அப்போது சிவபெருமான் ஒரு முனிவரின் வடிவில் வந்து, மானிட உடலோடு கயிலையை அடைவது அரிது என்றும் திரும்பிச் செல்லுமாறும் கூறுகிறார். அப்பர் இசையவில்லை. அழியும் உடலைக் காப்பதற்காகத் திரும்பமாட்டேன் என்கிறார்.

இறைவன் என்ன செய்தார்? அப்பரின் தேய்ந்த உடலைச் செம்மையாக்கினார். கயிலைக் காட்சியையும் அவருக்கு அருளினார். ஆனால் அதைக் கயிலையில் அளிக்கவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தார். மூழ்கிய அப்பர் காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே பிடியும் களிறும், சேவலும் பெடையும் என இணை இணையாக எதிர்வரும் உயிர்களிலெல்லாம் சக்தியோடு கூடிய சிவத்தைக் கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் இந்தக் கயிலைக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

அப்பரின் உறுதி சிகரத்தை வெல்லும் ஆசையன்று. தன்னை முழுவதும் ஒப்படைத்துவிட்ட பக்தி அது. அத்தகைய மகானையும் இறைவன் கீழே அனுப்பித்தான் தரிசனம் தந்தான். அப்படியானால், உச்சியை அடையாமல் திரும்பும் எளிய மனிதன் ஏன் வெட்கப்பட வேண்டும்? மேலே தேடியவனைக் கீழே, அன்றாடம் கண்ணில் படும் உயிர்களிடையே காண முடிந்தால், யாத்திரை நிறைவேறிவிட்டது என்றே பொருள்.

தருமபுத்திரர் அளித்த பதில்

திரும்பவும் வழியில்லாத அந்த இரவுக்கு வருவோம். வழிகாட்டிகளுள் ஒருவர் கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் இடம்வரை இறங்கிச் சென்றதால்தான் செய்தி வெளியுலகை எட்டியது. ஜூன் 5 அன்று விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மேலே சென்றன. மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் நடந்தும் ஏறினர். கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கௌடா டேராடூனுக்குச் சென்று மீட்புப் பணிகளை ஒருங்கிணைத்தார். மறுநாள் எஞ்சியிருந்த உடல்களும் கீழே கொண்டுவரப்பட்டன. முகமறியாத ஒன்பது பேருக்காகவும் பதின்மூன்று பேருக்காகவும் எத்தனை பேர் அந்தக் குளிரில் உழைத்தார்கள் என்பதை எண்ணும்போது, நாராயணன் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

பிழைத்தவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெருவிபத்துகளில் உயிர் தப்பியவர்களைப் பின்னாளில் ஒரு கேள்வி வாட்டுவதுண்டு: ‘அவர்கள் போய்விட்டார்கள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்? அவர்களை விட்டுவிட்டு வந்தேனே!’ உறவினரின் ஆறுதலாலும் எளிதில் ஆறாத புண் இது.

இந்தப் புண்ணுக்கு மகாபாரதத்தில் மருந்து இருக்கிறது. அனைவரும் விழுந்தபின் தருமபுத்திரர் ஒரு நாயோடு மட்டும் நடக்கிறார். இந்திரன் தேரோடு வந்து அழைக்கிறான். நாய்க்கு சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்கிறார் அவர். அப்போது இந்திரன், ‘மனைவியையும் தம்பியரையும் விட்டுவிட்டு வந்தாயே, நாயை மட்டும் ஏன் விட மறுக்கிறாய்?’ என்ற பொருளில் கேட்கிறான். கூர்மையான கேள்வி! தருமபுத்திரரின் பதில் அதனினும் தெளிவானது. இறந்தவர்களுக்குத் தம்மால் உயிரளிக்க இயலாது; அவர்கள் இறந்தபின்னரே அவர்களை விட்டு வந்ததாகவும், உயிரோடு இருந்தபோது ஒருபோதும் கைவிட்டதில்லை என்றும் அவர் கூறுகிறார். உயிரோடு உடன் வருவதைக் கைவிடுவதுதான் அதர்மம். அந்த நாய் தருமதேவதையே என்பது பிறகு வெளிப்படுகிறது.

இருந்தவரை உடனிருந்தவன் குற்றவாளி அல்லன். அவன் மேலே நடப்பது துரோகமும் அன்று. இனி அவனுடைய கடமை, உயிரோடு இருப்பவர்களைக் கைவிடாதிருப்பதே. இறந்த தோழனின் இல்லத்திற்குச் செல்வது, அவனுடைய முதிய பெற்றோரிடம் அமர்ந்து பேசுவது, அவன் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பது ஆகிய இவையே அவன் செய்யும் சிராத்தம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மலை

இமயத்திற்குச் செல்லாதவர்களுக்கும் மலை உண்டு. நஷ்டத்தில் ஓடும் தொழிலை நிறுத்த மனமின்றி மேலும் கடன் வாங்குபவன் ஒரு மலையில் நிற்கிறான். பிள்ளை தாங்கமாட்டான் என்று தெரிந்தும், ‘இன்னும் சில மாதங்கள்தான்’ என்று அவனை ஒரு படிப்பில் தள்ளும் பெற்றோர் ஒரு மலையில் நிற்கிறார்கள். மருத்துவர் தடுத்தபின்னும் உபவாசத்தை விடாத முதியவர் ஒரு மலையில் நிற்கிறார். ‘திரும்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற எண்ணமே அவர்களைச் சூழ்ந்திருக்கும் பனிமூட்டம்.

அவர்கள் அருகில் இருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. கேலி செய்யாமல், தோளில் கை வைத்து, ‘போதும், திரும்பலாம், நானும் வருகிறேன்’ என்று சொல்வதே அது. ‘திரும்பு’ என்று ஏவுபவர் பலர். ‘நானும் வருகிறேன்’ என்று உடன் இறங்குபவர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராக இருப்பதே தருமத்தின் வழி.

ஏறும்போது உறுதியையும், திரும்ப வேண்டிய வேளையில் விவேகத்தையும், இரண்டும் பயன்படாத இருளில் அருகிலிருப்பவரின் கையை விடாத அன்பையும் இறைவன் அனைவருக்கும் அருள்வானாக. சஹஸ்ர தாலில் உயிர் நீத்த ஒன்பது ஆன்மாக்களும் அவனது திருவடி நிழலில் அமைதி பெறட்டும். அவர்களை இழந்த குடும்பங்களுக்கும், அந்த இரவைக் கடந்து வந்தவர்களுக்கும் மன அமைதி உண்டாகட்டும்.